மழைநீர்க் குழியில் கொசுப்புழு நெளிகிறது, மூடிவிடலாமா?

மாடிவீடு_மடிப்பாக்கம் | அக்டோபர் 28, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு 2004இல் அப்பா கட்டியது. அதற்கு முந்தைய வருடம்தான் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அதனால் பக்கவாட்டுச் சந்தில் மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, கல்லைப் போட்டு, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும் சிமென்ட் பலகையைப் போட்டு மூடினார்கள். மொட்டை மாடித் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்குகிறது. இருபது வருடமாக அந்தப் பலகையை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. நானும்தான்.

22ஆம் தேதி என் பெண்ணுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்தாள், இப்போது பரவாயில்லை. இன்று காலை கொசு ஒழிப்பு ஊழியர் வந்து பலகை ஓட்டை வழியாக டார்ச் அடித்தார். உள்ளே தண்ணீர், தண்ணீர் முழுக்கப் புழு.

அம்மா "மண்ணை அள்ளிப் போட்டு மூடுடா" என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனும் அதையேதான் சொல்கிறார். மூடிவிட்டு மாடிக் குழாயைத் தெருவில் திருப்பிவிடலாமா? 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருந்தது ஞாபகம் வருகிறது, அதனால் கை வரமாட்டேன் என்கிறது.

எதுக்கு_வம்பு | அக்டோபர் 28, இரவு 9.58

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சார்? குழந்தை முக்கியமா, குழி முக்கியமா? மூடுங்கள். அதுவரைக்கும் மெக்கானிக் கடையில் பழைய எஞ்சின் ஆயில் அரை லிட்டர் வாங்கி ஊற்றுங்கள், ஒரு புழு தங்காது. அப்படியே வார்டு ஆட்களைக் கூப்பிட்டுப் புகை அடிக்கச் சொல்லுங்கள்.

உறைகிணறு_மேஸ்திரி | அக்டோபர் 28, இரவு 10.15

தம்பி, ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அந்தக் குழியின் வேலையே தண்ணீரை நிலத்துக்குள் அனுப்புவது. நீங்கள் ஊற்றுகிற ஆயில் பிறகு உங்கள் போரிலேயே வந்து நிற்கும். சாக்கடைக்கு அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள், புழு மூச்சுவிட முடியாமல் சாகும், அது வாஸ்தவம். ஆனால் இது சாக்கடை இல்லையே.

இந்த வேலையை முப்பது வருடமாகச் செய்கிறேன். 2003, 2004இல் போட்ட குழிகளில் பாதி, கணக்குக் காட்டப் போட்டவை. கட்டட வேலையில் மிஞ்சிய உடைந்த செங்கலையும் சிமென்ட் கட்டியையும் கொட்டிப் பலகையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் மாடி எத்தனை சதுர அடி? மழை விட்டு எத்தனை நாள் கழித்துக் குழி வற்றுகிறது? இதைச் சொல்லுங்கள், மூடுவதா வேண்டாமா என்று பிறகு பேசலாம்.

மாடிவீடு_மடிப்பாக்கம் | அக்டோபர் 28, இரவு 10.31

மாடி ஏறக்குறைய 1,100 சதுர அடி. வற்றுகிறதா என்று கவனித்ததே இல்லை அண்ணா.

உறைகிணறு_மேஸ்திரி | அக்டோபர் 28, இரவு 10.52

1,100 சதுர அடி என்றால் நூறு சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. ஐந்து சென்டிமீட்டர் மழை நம் ஊரில் ஐப்பசியில் ஒரு ராத்திரி சமாச்சாரம். அதற்கே உங்கள் மாடியில் 5,000 லிட்டர் விழும். உங்கள் குழி கல் இல்லாமல் வெறுமனே இருந்தாலே 1,270 லிட்டர்தான் கொள்ளும். கல் போக மிச்ச இடுக்கில் 500 லிட்டர் நின்றால் அதிகம். ஐயாயிரத்தை ஐந்நூறில் அடைக்கிறோம். மண் உடனுக்குடன் குடித்துக்கொண்டே இருந்தால்தான் சமாளிக்கும்.

மடிப்பாக்கத்தில் மண் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. மேல்மண் களி. ஈரத்தில் சப்பாத்தி மாவு மாதிரி ஒட்டும், தண்ணீரை விடாது.

மணல்வீடு_திருவான்மியூர் | அக்டோபர் 29, காலை 6.20

எங்கள் பக்கம் கடற்கரை மணல் என்பதால் குழியில் ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போகும். கொசுவுக்கு அங்கே வேலையே இல்லை. அதே டிசைனைக் களிமண்ணில் போட்டால் அது தொட்டிதான். ஊர் முழுக்க ஒரே படத்தைக் கொடுத்து இதைப் போடு என்றால் இப்படித்தான் ஆகும்.

பூச்சிக்காரர்_ஓய்வு | அக்டோபர் 29, காலை 7.45

மாடிவீட்டுத் தம்பிக்கு: குழந்தை தேறிவிட்டாள் என்று படித்ததும் நிம்மதி. சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குழியை மூடுவதைப் பற்றி மேஸ்திரி பேசட்டும். எனக்கு வேறு ஒரு சந்தேகம்.

தேதியைப் பின்னால் எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் வந்தது 22. கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில் டெங்கு காட்டும், ஆகவே கடித்தது 12க்கும் 18க்கும் நடுவில். கடித்த கொசு அதற்கு முன்பே வேறொரு நோயாளியைக் கடித்து, வைரஸ் அதன் உடம்பில் ஊறி எச்சிலுக்கு வர எட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். அதுவே அக்டோபர் முதல் வாரம். அந்தக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள். எப்படிப் பார்த்தாலும் செப்டம்பர் கடைசியில் எங்கேயோ நின்ற தண்ணீரில் பிறந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அப்போது தொடங்கவே இல்லையே. நீங்கள் தேட வேண்டியது செப்டம்பர் தண்ணீரை.

இரண்டாவது, குழியில் இருப்பது எந்தப் புழு? ஒரு வெள்ளைக் குவளையில் கொஞ்சம் மொண்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படுத்தமாதிரி மிதந்தால் மலேரியா பரப்பும் அனாபிலஸ். சென்னையில் அது கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும். வாலில் நீளமான மூச்சுக்குழலோடு சாய்வாக, கும்பலாகத் தொங்கினால் க்யூலெக்ஸ். அழுக்குத் தண்ணீர்க் கொசு, ராத்திரி காதோரம் ரீங்காரமிடுவது. குழல் குட்டையாக, ஏறக்குறைய நேர்செங்குத்தாகத் தொங்கி, டார்ச் வெளிச்சம் பட்டதும் எஸ் எழுத்து மாதிரி நெளிந்து கீழே ஓடினால் ஏடிஸ். டெங்குவுக்குக் காரணம் அதுதான்.

எதுக்கு_வம்பு | அக்டோபர் 29, காலை 8.10

துப்பறியும் கதை நன்றாகத்தான் இருக்கிறது. புகை அடித்தால் எல்லா வகையும் சாகும், அப்புறம் எதற்கு இந்த ஆராய்ச்சி?

பூச்சிக்காரர்_ஓய்வு | அக்டோபர் 29, காலை 8.34

புகை பட்ட நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுதான் சாகும் ஐயா. புழுவுக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. ஏடிஸ் பகலில் கடித்துவிட்டு கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், தொங்குகிற சட்டையின் மடிப்பில் உட்கார்ந்திருக்கும். புகை வண்டி தெருவில் போகும்போது நாம் ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொள்கிறோம். உள்ளே அது பத்திரமாக இருக்கிறது. நாலைந்து நாளில் புதிதாக ஒரு கூட்டம் வெளியே வரும். நோய் பரவும் நேரத்தில் புகைக்கு ஒரு பயன் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் போதும் என்று நம்பி நான் பார்த்த தெருக்கள் எத்தனையோ.

செடிகொடி_அக்கா | அக்டோபர் 29, காலை 11.05

இதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். என் ரோஜாத் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகள் பதினான்கு. ஒன்பதில் புழு. போன வாரம்தான் வார்டு ஆட்களிடம் "எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது" என்று சண்டை போட்டு அனுப்பினேன். தட்டைக் கவிழ்த்துவிட்டேன், போதுமா சார்?

பூச்சிக்காரர்_ஓய்வு | அக்டோபர் 29, காலை 11.40

போதாதம்மா. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். கறுப்பாக, மிளகாய் விதையைவிடவும் சின்னதாக இருக்கும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறி நனைந்தால் பொரித்துவிடும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த டயரில் முதல் மழைக்கே புழு வருவது அதனால்தான். தேங்காய் நாரை வைத்து உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முடிந்தால் தட்டுகளையே எடுத்துவிடுங்கள், ரோஜா கோபித்துக்கொள்ளாது.

மாடிவீடு_மடிப்பாக்கம் | அக்டோபர் 30, இரவு 8.15

இன்று லீவு போட்டுவிட்டு வீட்டைச் சல்லடை போட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

குழித் தண்ணீரை அம்மாவின் வெள்ளை எனாமல் குவளையில் எடுத்துப் பார்த்தோம். சாய்வாகத் தொங்குகிறது, கும்பல் கும்பலாக. தண்ணீரில் லேசாக நுரை, சோப்பு வாசனை. மழைத் தண்ணீரில் எப்படிச் சோப்பு வரும் என்று பைப்பைப் பிடித்துக்கொண்டே போனால், ஆறு வருடம் முன்பு வாஷிங் மெஷின் வாங்கியபோது பிளம்பர் அதன் கழிவுக் குழாயைப் பக்கத்தில் கிடைத்த மழைநீர்க் குழாயில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். மழை இல்லாத நாளிலும் தினம் இரண்டு தடவை நாங்களே அந்தக் குழிக்குத் தீனி போட்டிருக்கிறோம்.

வீட்டுக்குப் பின்னால் பாட்டி காலத்து ஆட்டுக்கல். அதன் குழியில் தண்ணீர், புழு இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டு ஒன்று இருக்கிறது என்பதே இன்றுதான் தெரியும். அதில் இரண்டு மூன்று புழு.

அப்புறம் மாடி போர்ஷன். குடியிருந்தவர்கள் ஆகஸ்டில் காலி செய்தார்கள், பூட்டித்தான் வைத்திருந்தோம். பாத்ரூமில் அவர்கள் விட்டுப்போன நீல டிரம், முக்கால்வாசித் தண்ணீர். ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்து கிடக்கிறது. டார்ச் அடித்தேன். எத்தனை என்று எண்ண முடியவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நெளிந்துகொண்டு அடியில் இறங்கின. டிரம்மின் உட்சுவரில் பென்சிலால் கோடு கிழித்தமாதிரி ஒரு கறுப்பு வளையம். பாப்பா படிக்கிற அறை அதற்கு நேர் கீழே.

பூச்சிக்காரர்_ஓய்வு | அக்டோபர் 30, இரவு 8.40

அந்த வளையம்தான் முட்டை. உங்கள் செப்டம்பர் தண்ணீர் பெரும்பாலும் இதுதான். குழியில் இருந்தது க்யூலெக்ஸ். அதையும் ஒழிக்க வேண்டும், யானைக்கால் நோயைக் கடத்துவதே அதுதான். ஆனால் பாப்பாவுக்கு டெங்கு கொடுத்தது அதுவல்ல. இதற்காக மழைநீர்க் குழியில் ஏடிஸ் வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அங்கேயும் முட்டையிடும்.

டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்து வெயிலில் போடுங்கள். காலி வீட்டின் பிளஷ் டேங்கையும் கழிப்பறைக் கோப்பையையும் பாருங்கள், அதில் நிற்கும் தண்ணீரும் ஏடிஸுக்குப் போதும். வாரத்துக்கு ஒருமுறை மாடிக்குப் போய்த் தண்ணீர் விட்டுவிட்டு, மூடி போட்டு வையுங்கள். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, சாதாரணமாக நூறு இருநூறு மீட்டர்தான். அதனால் ஒரு வீட்டில் டெங்கு என்றால் அந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும்தான் முதலில் தேடுவோம்.

சிங்கை_தமிழன் | அக்டோபர் 31, காலை 7.10

இங்கே சிங்கப்பூரில் பூச்செடித் தட்டில் புழு இருந்தாலே அபராதம். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மூங்கில் கழி சொருகும் துணி காயப்போடும் குழாயைத்தான், அதன் வாயில் மழை நீர் நிற்கும். 2016இலிருந்து வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களைக் குடியிருப்புகளில் விடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ஊரில் அப்படி ஏதும் உண்டா?

பூச்சிக்காரர்_ஓய்வு | அக்டோபர் 31, காலை 9.00

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2022இல் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது. அது தெருவுக்கு வருகிறபோது வரட்டும். அபராதத்துக்கு நம்மிடமும் சட்டம் உண்டு, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். ஆட்டுக்கல்லுக்காக ஒரு பாட்டிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அவர் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தவன் நான்.

எதுக்கு_வம்பு | அக்டோபர் 31, மாலை 5.25

சரி, ஒப்புக்கொள்கிறேன், டிரம்தான் குற்றவாளி. ஆனால் குழி இன்னும் வற்றவில்லையே? மாடிக் குழாயை வாசலில் இருக்கிற பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் இணைத்துவிட்டால் தீர்ந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான்.

உறைகிணறு_மேஸ்திரி | அக்டோபர் 31, இரவு 9.30

அதனால்தான் உங்கள் தெருவில் மழை பெய்தால் மேன்ஹோல் பொங்குகிறது. வீட்டுக் கழிவுநீர் அளவுக்குப் போட்ட குழாய் அது. நான் சொன்ன ஐயாயிரம் லிட்டரை இருபது வீடும் ஒரே மணி நேரத்தில் அதற்குள் விட்டால் எங்கே போகும்? தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாக மேலே வரும். 2015 டிசம்பரில் நான் சுத்தம் பண்ணிக்கொடுத்த வீடுகளில் வெள்ளத்தைவிட இந்த நாற்றம்தான் ஜனங்களை அழவைத்தது. மிஞ்சுகிற மழைநீர் மழைநீர் வடிகாலுக்குத்தான் போக வேண்டும்.

மாடிவீட்டுத் தம்பி, இப்படிச் செய்யுங்கள். மெஷின் குழாயைப் பிரித்துக் கழிவுநீர்ப் பக்கம் மாற்றுங்கள், அது முதல் வேலை. குழியில் உள்ளதை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, கல்லையெல்லாம் வெளியே எடுங்கள். பிறகு குடத்தால் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு கழியில் அடுப்புக்கரியால் கோடு போட்டு நட்டு, எத்தனை மணி நேரத்தில் எத்தனை விரல் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாடிவீடு_மடிப்பாக்கம் | நவம்பர் 3, மாலை 6.45

நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து எடுத்தோம். மேலே ஒரு அடிக்குத்தான் கூழாங்கல். அதற்குக் கீழே ஓடு, செங்கல், சிமென்ட் சாக்கு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு. அடியில் முக்கால் அடிக்குக் கன்னங்கரேல் என்று சேறு, வழவழப்பாக. கழி நட்டுப் பார்த்ததில் ஒரு பகல் முழுக்க இரண்டு விரல்தான் இறங்கியது.

உறைகிணறு_மேஸ்திரி | நவம்பர் 3, இரவு 7.20

நினைத்ததுதான். சேற்றை வழித்துவிட்டு, குழியின் நடுவில் ஆறு அங்குலத்தில் கைப்போர் போடச் சொல்லுங்கள். களியைத் தாண்டி மணல் எங்கே தட்டுகிறதோ அதுவரை. உங்கள் பக்கம் பத்திலிருந்து பதினைந்து அடிக்குள் தட்டலாம். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வலை சுற்றி இறக்கி, சுற்றிலும் கழுவிய ஜல்லி. கழுவிய என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், தூசியோடு போட்டால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும்.

அந்த ஓட்டைப் பலகையைத் தூக்கிப் போடுங்கள், அது கொசுவுக்கு வைத்த வாசல். ஓட்டையில்லாத பலகை போட்டு விளிம்பைப் பூசிவிடுங்கள், ஒரு மூலையில் மட்டும் திறந்து பார்க்கச் சின்ன மூடி. தண்ணீர் குழாய் வழியாக மட்டும் உள்ளே வரட்டும். மிஞ்சுவது போக மேல்மட்டத்தில் ஒரு வழிவிடும் குழாய், அதன் வாயில் கொசு வலை. மாடியிலிருந்து வரும் குழாயில் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு அடைப்பான் வையுங்கள். முதல் மழையின் அழுக்கும் காக்காய் எச்சமும் வெளியே போகட்டும், இரண்டாம் மழையிலிருந்து உள்ளே விடுங்கள்.

செடிகொடி_அக்கா | நவம்பர் 4, காலை 10.15

இதோடு செப்டிக் டேங்க் காற்றுக்குழாயையும் பாருங்கள். எங்கள் வீட்டில் வலை கட்டியிருந்தது, வெயிலில் இற்றுப்போய்க் கம்பி மட்டும் தொங்கியது. புது வலை கட்டிய இரண்டு வாரத்தில் ராத்திரிக் கொசு பாதியாகக் குறைந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு முழம் நைலான் வலைதான்.

மாடிவீடு_மடிப்பாக்கம் | நவம்பர் 20, இரவு 9.05

கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். பதினோரு அடியில் மணல் தட்டியது. வேலை முடிந்த மறுநாள் குழியை விளிம்புவரை நிரப்பிப் பார்த்தோம், காலை ஏழுக்கு நிரப்பியது ராத்திரி பன்னிரண்டுக்கெல்லாம் காலி. அம்மா கழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். என் அகராதியில் அது பாராட்டு.

ஆனால் 14ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் விடாமல் பெய்தது. அதற்குப் பிறகு குழியில் இரண்டடித் தண்ணீர் அப்படியே நிற்கிறது, இறங்கவே இல்லை. பக்கத்துக் கிணற்றிலும் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

உறைகிணறு_மேஸ்திரி | நவம்பர் 20, இரவு 9.22

நிலத்தடி நீர் மேலேறி வந்துவிட்டது தம்பி. கார்த்திகை முடியும்வரை உங்கள் பக்கம் அப்படித்தான் இருக்கும், நிலம் குடிக்க இடமில்லை. அடைப்பு என்று நினைத்து மறுபடி தோண்டாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி போட்டு நேராக சம்பில் விட்டுக்கொள்ளுங்கள், துணி துவைக்க, வீடு கழுவ ஆகும். மிச்சம் வழிவிடும் குழாயில் போகட்டும்.

பூச்சிக்காரர்_ஓய்வு | நவம்பர் 20, இரவு 9.50

மூடி இறுக்கமாக இருந்தால் பயமில்லை. வாரம் ஒருமுறை சின்ன மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தெரிந்தால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து போதும், புழுவின் குடலை மட்டும் கெடுக்கும், நிலத்தடி நீருக்குக் கெடுதல் இல்லை. வார்டு ஆட்களிடமே கேளுங்கள். பக்கத்துக் கிணற்றில் புழுவைத் தின்னும் கப்பி மீன் விட்டிருக்கிறார்களா? சம்பின் மூடியும் இறுக்கமாக இருக்கட்டும்.

எதுக்கு_வம்பு | நவம்பர் 21, காலை 7.30

மேஸ்திரி அண்ணே, ஒரு விஷயம். எங்கள் வீட்டிலும் 2003இல் போட்ட குழி ஒன்று இருக்கிறது, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டோம். எந்த இடம் என்று மனைவிக்கும் எனக்கும் இரண்டு நாளாகத் தகராறு. டைல்ஸை உடைக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

உறைகிணறு_மேஸ்திரி | நவம்பர் 21, காலை 7.48

மாடிக் குழாய் தரையில் எங்கே இறங்குகிறதோ அங்கிருந்து நாலடிக்குள் தடிக்கம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள். தொம் தொம் என்று கேட்கிற இடம்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், கடப்பாரை மட்டும் எடுத்து வையுங்கள்.